எந்த இயங்குதளம் என்று கேட்பதற்கு முன்: விசுவமடுக் கடையிலிருந்து

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவில், எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோப் பிரதி, தட்டச்சு, ஒன்லைன் விண்ணப்பம், அதோடு லப்டொப் திருத்தம். 2025 ஒக்டோபர் மாதம் முழுக்கக் கடைக்கு வந்த பாதிப்பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். "தம்பி, விண்டோஸ் 10 இனி வேலை செய்யாதாமே? என்னத்தை அடிக்கிறது?" அடிக்கிறது என்றால் கணினியில் இயங்குதளத்தை ஏற்றுவது.

வேலை செய்யும். ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றது மைக்ரோசொஃப்டின் ஆதரவு மட்டும்தான். கணினி அடுத்த நாளும் வழமைபோல எழும்பும், கோப்புகள் திறக்கும். ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராது. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீட்டிப்பு கிடைக்கும். இதைச் சொன்னதும் பலருக்கு அரைப் பதற்றம் குறைந்துவிடும். பதற்றத்தில் எடுக்கிற முடிவு கணினி விஷயத்தில் எப்போதும் காசைத் தின்னும், ஆகவே முதலில் அதை ஆற்றிவிடுவேன்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படித்திருப்பீர்கள். இயங்குதளம் என்பதும் அதுவேதான். கணினியின் வன்பொருளுக்கும் நாம் செய்யும் வேலைக்கும் நடுவில் நிற்பது. அதை மாற்ற வேண்டுமா, எதற்கு மாற்றுவது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "இதுக்குள்ள என்ன இருக்கு? தொலைஞ்சால் திரும்ப எடுக்க முடியாத ஏதும் இருக்கா?" ஏன் இதையே முதலில் கேட்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2019 கடைசி. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிய இருந்த நேரம். பக்கத்து ஊர் ஐயா ஒருவர் தன் லப்டொப்பைக் கொண்டுவந்து விண்டோஸ் 10 அடித்துத் தரச் சொன்னார். "படமெல்லாம் டி டிரைவில கிடக்குது தம்பி, நீ அடி" என்றார். நானும் டி டிரைவைத் திறந்து பார்த்தேன், படங்கள் கிடந்தன. இயங்குதளம் இருக்கும் பகுதியான சி டிரைவை ஃபோமட் பண்ணி, அதாவது முழுக்க அழித்து, புதிதாக அடித்துக் கொடுத்தேன். அன்று பின்னேரமே திரும்பி வந்துவிட்டார். கோபம் எதுவும் இல்லை, கதிரையில் இருந்து கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். திரையில், டெஸ்க்டொப்பில், ஒரு மூலையில் வைத்திருந்த படங்கள் இல்லையாம். டெஸ்க்டொப் என்று நாம் பார்க்கிற அந்த இடம் சி டிரைவுக்குள் இருக்கிற ஒரு கோப்புறை என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கேட்கவில்லை.

வன்னியில் ஒரு பழைய படம் என்றால் என்ன என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009இல் கையில் கிடந்த பையும் விடுபட்டுப் போன வீடுகள் எத்தனை. கல்யாண அல்பம் வைத்திருக்கிற வீடு அரிது. ஐயா தன் தமையனின் கல்யாணப் படத்தை உறவுக்காரர் ஒருவர் வீட்டில் கண்டு ஸ்கேன் பண்ணிக் கொண்டுவந்திருக்கிறார். அந்தப் படத்தில் இருந்த ஆறு பேரில் நான்கு பேர் இப்போது இல்லை.

இரண்டு இரவு இருந்தேன். ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அழிந்த கோப்புகளின் தடயத்தை வட்டில் தேடி எடுக்கும். பெயர்கள் எதுவும் மிஞ்சாது. எஃப் என்ற எழுத்துக்குப் பிறகு இலக்கங்களாக வரிசையாய் வரும். ஆயிரக்கணக்கில் வந்தது. இணையத்தில் பார்த்த விளம்பரப் படம், ஐகன், குப்பை எல்லாம் கலந்து. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனபோது இரண்டாம் நாள் விடியப்புறம் அந்தப் படம் வந்தது. மேற்பாதி தெளிவு. மாலை போட்ட இருவர், பின்னால் நின்ற நால்வர், எல்லாருடைய முகமும் இருந்தது. நெஞ்சுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அந்த இடத்தில் புது விண்டோஸின் ஏதோ ஒரு கோப்பு ஏறி உட்கார்ந்துவிட்டது. ஐயா அதை நெடுநேரம் பார்த்தார். "முகங்கள் கிடக்குது தம்பி. காணும்" என்றார்.

அந்த லப்டொப்பில் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். அதனால்தான் அவ்வளவாவது மிஞ்சியது. இப்போது எல்லாரும் போடுகிற வேகமான புதுவகை வட்டான எஸ்எஸ்டியில் ஃபோமட் பண்ணினால், அழிந்த இடத்தை அதுவே உள்ளுக்குள் துப்புரவாக்கிவிடும். ஃபோட்டோரெக்குக்கு அனேகமாக ஒன்றும் அகப்படாது. ஆகவே இயங்குதளம் மாற்றப் போகிறவர் யாராக இருந்தாலும் டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் திறந்து பார்த்து, வெளியே ஒரு பென் டிரைவிலோ வெளி வட்டிலோ பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பிரதி எடுத்தேன் என்பது காணாது, திறந்து பார்த்தேன் என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

சரி, அடுத்தது வேலை. ஒவ்வொருவருக்கும் கணினி எதற்கு?

பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) பாடம் எடுக்கிறாள். கொழும்பில் இருந்து சித்தப்பா கொடுத்த பழைய லப்டொப். "மாமா, இதை ஒன் பண்ணிப்போட்டுத் தேத்தண்ணி வைச்சுக் குடிச்சிட்டு வரலாம்" என்று கொண்டுவந்தாள். ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஐ3, அதற்குப் பிறகு 5005யூ. இது கணினியின் மூளையான புரொசெசரின் பெயர். இன்டெல் ஐ3, ஐ5 என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இலக்கத்தைப் பாருங்கள், பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்களை. 5 என்றால் ஐந்தாம் தலைமுறை. விண்டோஸ் 11 கேட்பது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும், அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்), வட்டில் 64 ஜிபி இடம். 4 ஜிபி என்பது எழும்பி நிற்க மட்டும்தான், வேலை செய்ய 8 வேண்டும் என்பது என் அனுபவம். இந்த நிபந்தனைகளை ஏமாற்றி விண்டோஸ் 11 ஏற்றும் வழிகள் இருக்கின்றன. நானும் செய்து பார்த்திருக்கிறேன். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. படிக்கிற பிள்ளையின் ஒரே கணினியில் அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்று இப்போது மறுத்துவிடுவேன்.

அவளுக்கு நான் சொன்னது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலேசான வகை. லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது என்று நம்மில் பலருக்கு இன்னும் ஒரு பயம். மின்டில் கீழே மெனு, ஜன்னல்கள், வலப்பக்கம் நேரம், வைஃபை எல்லாம் பழகிய மாதிரியே இருக்கும். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, காசு இல்லை. ஏற்றுவதற்கு முன் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வட்டில் ஒன்றும் மாறாது. அப்படி ஓட்டி வைஃபை, கமரா, ஒலி மூன்றையும் அவள் முன்னாலேயே சோதித்தோம். பிறகு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், பாவித்த 4 ஜிபி ராம் ஒன்றும் போட்டேன். தேத்தண்ணிக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் அந்த வேகத்தில் பெரிய பங்கு எஸ்எஸ்டிக்கு. ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மாற்றியவர்கள் "லினக்ஸும் இழுபடுது" என்று ஏமாந்து வருவதைக் கண்டிருக்கிறேன்.

உயர்தரப் பாடத்தில் வரும் பைதன் மின்டில் ஏற்கெனவே இருக்கும். தரவுத்தளப் பயிற்சிக்கு வேண்டியதும் மென்பொருள் களஞ்சியத்தில் இருந்து இறங்கும். இடைஞ்சல் வந்தது எதிர்பாராத இடத்தில். தமிழில் செய்த பவர்பொயின்ட் ஒப்படையை, மின்டோடு வரும் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஒஃபிஸில் திறந்தபோது எழுத்துகள் பெட்டியை விட்டு வெளியே ஓடின. காரணம் லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை, லினக்ஸில் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இரு பக்கமும் போட்டு, அதிலேயே ஒப்படை செய்யப் பழக்கினேன். மாற்றம் தேவைப்படாத கோப்பை பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கச் சொன்னேன். பாடசாலை ஆய்வுகூடத்தில் மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ்தான் என்பதால் அதன் மெனு கை மறந்துபோகக் கூடாது. அதற்கு உலாவியில் இலவசமாக வரும் வேர்ட், எக்ஸெல் போதும்.

இதே மின்டை ஒரு கிராமச் சங்கத்தின் பொருளாளர் அக்காவுக்கு நான் போடவில்லை. அவருடைய லப்டொப்பும் அதே வயதுதான். ஆனால் அவர் கணக்குகளை நிரப்ப வேண்டிய எக்ஸெல் கோப்பு மேலிடத்தில் இருந்து வருகிறது, உள்ளே பொத்தான்களும், அவற்றை அமத்தினால் தானாக ஓடும் மக்ரோ என்ற கட்டளைகளும். லிப்ரேஒஃபிஸில் திறந்து பார்த்தோம். எண்கள் வந்தன, பொத்தானை அமத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. மாதக் கடைசியில் அந்த அக்காவுக்கு வேண்டியது பிழையில்லாத ஒரு கோப்பு. அதைத் தராத இயங்குதளம் எவ்வளவு நல்லதென்றாலும் அவருக்கு நல்லதில்லை. விண்டோஸ் 10ஐயே வைத்து ஒரு வருட நீட்டிப்புக்குப் பதிந்து கொடுத்தேன். அந்த ஒரு வருடத்தில் சங்கம் காசு சேர்த்து, எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய பாவித்த லப்டொப் ஒன்று எடுக்கட்டும்.

இந்த இரண்டு பேருக்கும் இடையில் வித்தியாசம் ஒரு கோப்புதான். அதனால் யார் வந்தாலும், "நீங்கள் கட்டாயம் திறக்க வேண்டிய கோப்பைக் கொண்டுவாருங்கள், உங்கள் பிரின்டரையும் கொண்டுவாருங்கள்" என்று சொல்வேன். பென் டிரைவில் லினக்ஸை ஓட்டி அந்தக் கோப்பைத் திறந்து, அந்தப் பிரின்டரில் ஒரு தாள் எடுத்துப் பார்ப்போம். அரை மணித்தியாலம் போதும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு விஷயம் வெளிநாட்டில் இருந்து வரும் லப்டொப். ஜேர்மனியில் இருக்கும் மகன் அனுப்பிய நல்ல லப்டொப் ஒன்றை ஓர் அம்மா கொண்டுவந்தார், மகளிர் குழுவுக்குக் கடிதம் அடிப்பவர். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருபது வருடமாக அடித்த கை. பாமினி பழகியவர்களுக்குத் தெரியும்: தமிழ் என்று வர ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கண் பார்க்காது, விரல் போகும். ஆனால் ஜேர்மன் விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும். பாமினியில் ஒன்று ல, மற்றது ண. "பல" என்று அடித்தால் "பண" என்று வந்தது. அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் தலையில் இரண்டு புள்ளி வைத்த அவர்களுடைய ஓ. மெய்யெழுத்துக்குப் புள்ளியே விழவில்லை. "இந்தக் கொம்பியூட்டருக்குத் தமிழ் சரிவராது போல, லினக்ஸ் ஏதும் போட்டால் சரிவருமோ?" என்று கேட்டார்.

இயங்குதளத்தில் பிழையே இல்லை. அமைப்புக்குள் போய் விசைப்பலகையை அமெரிக்க ஆங்கிலம் என்று மாற்றியதும், அந்த இரண்டு புள்ளி ஓவைத் தட்ட, மெய்யெழுத்துக்குப் புள்ளி விழுந்தது. அம்மா சிரித்துவிட்டார். விசையின் மேல் எழுதியிருப்பதைப் பார்க்காமல் அடிக்கிறவருக்கு அவ்வளவுதான் தேவை. திரை மொழியையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்தேன்.

தமிழ் எழுதுவதற்காக மட்டும் இயங்குதளத்தை மாற்ற வேண்டிய காலம் முடிந்துவிட்டது. பாமினி எழுத்துரு எல்லாவற்றிலும் ஏறும். ஒரே எழுத்துருவோடு கட்டுப்படாத யூனிகோடில் எழுத விண்டோஸிலும் அப்பிளின் மக்கிலும் தமிழ் 99, அஞ்சல் என்ற விசைப்பலகை முறைகள் இரண்டும் கூடவே வருகின்றன. லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் தொகுதியைச் சேர்த்தால் தமிழ் 99, ஒலியியல் முறை, அதோடு ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். கீமேன் என்ற தட்டச்சு மென்பொருள் பழகியவர்கள் அதையே லினக்ஸிலும் போடலாம். பழக்கத்தில் எது இருக்கிறது என்று சொன்னால் போதும், அதற்கேற்ப அமைத்துத் தரலாம்.

மக் பற்றியும் கேட்கிறார்கள், கனடாவில் இருந்து அக்கா பழையதை அனுப்புகிறாராம் என்று. நல்ல கணினிதான், மின்கலம் நன்றாக நிற்கும். ஆனால் இன்டெல் சில்லு உள்ள மக்குகளுக்கு 2025இல் வந்த டாஹோ பதிப்புத்தான் கடைசி என்று அப்பிளே சொல்லிவிட்டது. அந்தப் பதிப்பும் எல்லா இன்டெல் மக்குக்கும் கிடையாது. அனுப்ப முன் எந்தச் சில்லு என்று கேளுங்கள். எம்1 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் யோசிக்கலாம். எனினும் சார்ஜரோ திரையோ பழுதானால் விசுவமடுவில் என்னால் திருத்த முடியாது, கிளிநொச்சியிலும் கஷ்டம். பழுதானால் யாரிடம் போவது என்பதும் தெரிவின் ஒரு பங்கு. உங்கள் தெருவில் இருக்கிற பொடியனுக்கு எது தெரியுமோ, அதற்கு நான் எப்போதும் இரண்டு புள்ளி கூடப் போடுவேன்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 லப்டொப் ஒன்றில் மின்டையும் பக்கத்தில் வைக்க ஒரு தம்பி ஆசைப்பட்டான். கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸில் ஓர் அமைப்பை மாற்றியதும் நீலத்திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. இப்போதைய விண்டோஸ் 11, மைக்ரோசொஃப்ட் கணக்கோடு அமைத்தால், பல கணினிகளில் வட்டைத் தானே பூட்டிவிடும், சாவி அந்தக் கணக்கில் இருக்கும். அவனுடைய கணக்கைத் திறந்தோம், அங்கே ஒன்றும் இல்லை. வாங்கிய கடையில் அமைத்துக் கொடுத்தவர்கள் தங்கள் மின்னஞ்சலையே போட்டிருந்தார்கள். மூன்று நாள் தொலைபேசியில் கெஞ்சித்தான் சாவி வந்தது. ஆகவே புது லப்டொப் வாங்கினால் கடையில் முடித்துத் தரச் சொல்லாதீர்கள். உங்கள் மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல், வீட்டில் இருந்து நீங்களே செய்யுங்கள். ஏதும் மாற்றுவதற்கு முன் அந்தச் சாவியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கிராக் பண்ணிய களவு விண்டோஸ் பற்றி நீட்டிக் கதைக்க விருப்பமில்லை. முன்பு நானும் அடித்துக் கொடுத்தவன். உயிர்ப்பிக்க ஓட்டுகிற அந்தச் சின்ன மென்பொருளுக்காக வைரஸ் காவலை அணைக்கச் சொல்வார்கள், அப்படி அணைத்த ஒரு கணினியில் எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டுக் காசு கேட்ட திரையைக் கண்ட நாளோடு நிறுத்திவிட்டேன். காசில்லை என்றால் லினக்ஸ் இருக்கிறது, களவே தேவையில்லை.

டேட்டாவும் ஒரு செலவு. விண்டோஸ் 11 கோப்பு 5 ஜிபிக்கு மேல், மின்ட் 3 ஜிபிக்குக் கிட்ட. நான் இரவு டேட்டாவில் ஒரு தரம் இறக்கி, அது பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டு, பல இயங்குதளங்களை ஒன்றாக வைக்க உதவும் வென்டோய் போட்ட ஒரே பென் டிரைவில் இரண்டையும் வைத்திருக்கிறேன். வருகிறவர் டேட்டா கரைக்கத் தேவையில்லை. ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் விண்டோஸ் பாவிக்கிறவர்கள் அந்த இணைப்பை மீட்டர்ட் (அளவோடு பாவிப்பது) என்று குறித்துவிடுங்கள், அப்டேட் பகலில் பிள்ளையின் சூம் வகுப்பு டேட்டாவைக் குடிக்காது. ஆனால் அப்டேட்டை ஒரேயடியாக நிற்பாட்டாதீர்கள், கிழமைக்கு ஒருநாள் இரவில் விடுங்கள். டெஸ்க்டொப் வைத்திருப்பவர்கள் அப்டேட் ஓடும்போது யூபிஎஸ் இல்லாமல் இருக்க வேண்டாம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில் பாதியில் நின்ற அப்டேட்டுகளை மீட்கவே எனக்கு நேரம் போனது.

என் கடைக் கணினி இன்னும் விண்டோஸ் 10இல்தான் இருக்கிறது, நீட்டிப்போடு. மின்டை அதில் ஓட்டிப் பார்த்தேன், பழைய லேசர் பிரின்டர் தாள் இழுக்கவில்லை. பிரின்டர் மாற்றாமல் நான் மாற முடியாது. அதற்குள் பாமினியில் கிடக்கும் பழைய கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வருகிறேன். ஆட்கள் இன்றைக்கும் வந்து, பத்து வருடத்துக்கு முன் அடித்த காணிக் கடிதத்தின் பிரதி கேட்கிறார்கள். இரவில் கடை பூட்டிய பிறகு ஒரு மணித்தியாலம் செய்கிறேன். 2014ஆம் ஆண்டுக் கோப்புறை வரை வந்திருக்கிறேன்.